வட கொரியாவின் அணுகுண்டும் மலேசியாவும் (1973–2021)

‘உலக அமைதி’, ‘அணுவாயுதத்தின் தீமைகள்’ என்று தலைப்புக் கொடுத்தால் நம்ம மாணவர்கள் எழுதும் கட்டுரையில் வட கொரியா கட்டாயம் ஒரு வரியில் வந்துவிடும். “வட கொரியா போன்ற நாடுகள் அணுகுண்டை வைத்துக்கொண்டு உலகை மிரட்டுகின்றன.” அவ்ளோதான். அடுத்த வரியில் ஹிரோஷிமா, அதற்கடுத்த வரியில் ‘ஒன்றுபட்டால் உண்டு வாழ்வு’. அந்த வரியில் பிழை ஒன்றுமில்லை. ஆனால், திருத்துகிறவர் அதே வரியை அன்றைக்கே முப்பது தாளில் படித்திருப்பார்.

“டீச்சர், அந்த நாடு எங்கேயோ இருக்கு. நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்கிற மாணவனுக்குச் சொல்ல நம்மிடம் நல்ல பதில் இருக்கிறது. ரவாங்கில் கிள்ளான் துறைமுகம் போகும் கே.டி.எம். கம்யூட்டரில் ஏறினால் கே.எல். சென்ட்ரல் வரும். இறங்கி நடந்தால் பிரிக்பீல்ட்ஸ். இறங்காமல் போனால் ஷா ஆலம் வரும். வட கொரியாவின் ஆயுத வணிகமும், அந்நாட்டுக்கே அணுத் தொழில்நுட்பம் விற்ற கள்ளச்சந்தையும் இந்த ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில் தங்கிப் போயிருக்கின்றன. படிவம் 5 வரலாற்றில் மலேசியாவின் வெளியுறவுக் கொள்கையைப் படிக்கிற மாணவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டு கிடைக்காது.

முதலில் உறவு எப்படித் தொடங்கியது என்று பார்ப்போம். துங்கு அப்துல் ரஹ்மான் காலத்தில் மலேசியா மேற்கு நாடுகளின் பக்கம் சாய்ந்திருந்தது. கம்யூனிச எதிர்ப்பு அப்போது வெறும் கொள்கை அல்ல. அவசரகாலம் கண்ட நாடு இது. 1970-இல் துன் அப்துல் ரசாக் பிரதமரானதும் காற்று மாறியது. 1971 நவம்பர் 27-இல் கோலாலம்பூர் பிரகடனம் கையெழுத்தானது. தென்கிழக்காசியா அமைதி, சுதந்திரம், நடுநிலை கொண்ட வட்டாரமாக இருக்கும் என்று ஆசியான் அறிவித்தது. 1973-இல் வட கொரியாவுடன் அரசதந்திர உறவு, 1974 மே மாதம் ரசாக்கின் சீனப் பயணம் என்று எல்லாம் அதே வரிசையில் வருகிறது. தென் கொரியாவுடன் 1960-லிருந்தே உறவு இருந்தது. ஆக, சண்டையிட்டுப் பிரிந்த இரண்டு கொரியாக்களோடும் ஒரே நேரத்தில் பேசக்கூடிய நாடாக மலேசியா ஆனது. ‘நடுநிலை’ என்ற சொல்லைப் பாடநூலில் மனப்பாடம் செய்கிறோமே, அதற்கு நடைமுறையில் இதுதான் பொருள். யாரோடும் சேராமல் ஒதுங்கி நிற்பதல்ல. இரண்டு பக்கத்தாரும் நம் வீட்டில் வந்து உட்காரலாம் என்கிற நிலை.

உண்மையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். அதைச் சொல்வதற்கு முன் அணுகுண்டுக் கதையைக் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும்.

அணுகுண்டுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று புளூட்டோனியம். அணுவுலையில் எரிந்த எரிபொருளை வேதிமுறையில் பிரித்து எடுப்பது. மற்றொன்று செறிவூட்டிய யுரேனியம். யுரேனியத்தை வாயுவாக்கி, மிக வேகமாகச் சுழலும் ஆயிரக்கணக்கான மையவிலக்குக் கருவிகளில் விட்டு, வேண்டிய வகை அணுவைச் சிறிது சிறிதாகச் செறிவாக்குவது. வட கொரியா முதலில் பிடித்தது புளூட்டோனிய வழி. யொங்பியொன் என்ற இடத்தில் இருந்த 5 மெகாவாட் அணுவுலைதான் அதற்கு மூலம். 1985-இல் அது அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 1993-இல் விலகப்போவதாக அறிவித்து, கடைசி நேரத்தில் நிறுத்திவைத்தது. 1994-இல் அமெரிக்கா அந்த உலையைக் குண்டு வீசி அழிக்கலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நிலைமை போனது. பிறகு அதே ஆண்டு அக்டோபர் 21-இல் ஜெனிவாவில் ஓர் உடன்பாடு. வட கொரியா தன் உலையை முடக்கும். பதிலுக்கு ஆயுதத்துக்குப் பயன்படுத்தக் கடினமான இரண்டு மென்னீர் அணுவுலைகள் கட்டித்தரப்படும். அவை முடியும்வரை ஆண்டுக்கு 500,000 டன் கன எரியெண்ணெய்.

யார் கட்டித்தருவது? இங்கேதான் சிக்கல். பணமும் உலையும் பெரும்பாலும் தென் கொரியாவிலிருந்து வரவேண்டும். எதிரி நாட்டு உலையை ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வருவதை வட கொரியா விரும்பவில்லை. 1995 மே, ஜூன் மாதங்களில் அமெரிக்க, வட கொரியப் பேராளர்கள் வாரக்கணக்கில் பேசினார்கள். பேசிய இடம் கோலாலம்பூர். ஜூன் 13-இல் கூட்டறிக்கை வந்தது. அதில் உலை எந்த நாட்டு மாதிரி என்பதற்கு, அமெரிக்காவில் தோன்றிய வடிவமைப்பின் இப்போது தயாரிப்பில் உள்ள மேம்பட்ட வகை என்ற பொருளில் சுற்றிவளைத்து எழுதியிருந்தார்கள். ‘தென் கொரிய உலை’ என்ற சொற்கள் அதில் இல்லை. எந்த உலை என்பதைப் பன்னாட்டு அமைப்பு ஒன்று தேர்ந்தெடுக்கும் என்று மட்டும் இருந்தது. அந்த அமைப்பு தேர்ந்தெடுத்தது தென் கொரிய உலையைத்தான்.

மொழியாசிரியர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டதால் இரண்டு நாடுகள் முகம் கெடாமல் ஒப்புக்கொள்ள முடிந்திருக்கிறது. ‘இடக்கரடக்கல்’ என்று நாம் இலக்கணத்தில் நடத்துகிறோமே, அரசதந்திரத்தில் அதற்கு இவ்வளவு விலை உண்டு என்று மாணவர்களுக்குக் காட்டலாம்.

அதோடு முடியவில்லை. 2000-ஆம் ஆண்டு ஜூலையிலும் நவம்பரிலும் அமெரிக்காவும் வட கொரியாவும் ஏவுகணைப் பேச்சை நடத்தியது கோலாலம்பூரில். 2002 அக்டோபர் இறுதியில் ஜப்பானும் வட கொரியாவும் பேசியதும் கோலாலம்பூரில். 2016 அக்டோபரில்கூட முன்னாள் அமெரிக்க அதிகாரிகள் சிலர் வட கொரிய அதிகாரிகளை இங்கேதான் ஓசையில்லாமல் சந்தித்தார்கள். அந்தக் காலத்தில் வட கொரியர்கள் விசா இல்லாமல் வரக்கூடிய நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2009 முதல் மலேசியா அவற்றுள் ஒன்று. சரவாக்கின் நிலக்கரிச் சுரங்கத்தில் வட கொரியத் தொழிலாளர்கள் வேலை பார்த்தார்கள்; 2014 நவம்பரில் அங்கு நடந்த வெடிப்பில் இறந்தவர்களில் வட கொரியரும் ஒருவர். 2013-இல் கோலாலம்பூரின் தனியார் பல்கலைக்கழகம் ஒன்று கிம் ஜோங் உன்னுக்குப் பொருளாதாரத்தில் கௌரவ முனைவர் பட்டமே கொடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் ஆட்சிக்கு வந்தபின் முதல் அணுச் சோதனை நடந்திருந்தது. பட்டம் கொடுத்தவர்கள் என்ன நினைத்துக் கொடுத்தார்களோ.

இனி ஷா ஆலம்.

2003 அக்டோபரில் ‘பிபிசி சைனா’ என்ற சரக்குக் கப்பல் லிபியாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. (பெயரைப் பார்த்து லண்டன் வானொலி என்று நினைத்துவிடாதீர்கள்.) வழியில் அது இத்தாலியின் தாரந்தோ துறைமுகத்துக்குத் திருப்பப்பட்டது. கொள்கலன்களைத் திறந்தால் உள்ளே மையவிலக்குக் கருவிகளுக்கான உலோகப் பாகங்கள். பெட்டிகளில் ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றின் பெயர். பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி அப்துல் காதீர் கான் நடத்திவந்த கள்ளச்சந்தை இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 2004 பிப்ரவரி 4-இல் கான் தொலைக்காட்சியில் தோன்றித் தன் பங்கை ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம், பிப்ரவரி 11-இல், அமெரிக்க அதிபர் ஜோர்ஜ் புஷ் ஓர் உரையில் மலேசியாவின் பெயரையும், அந்த வலைப்பின்னலின் இடைத்தரகராகச் செயல்பட்ட பி.எஸ்.ஏ. தாஹிரின் பெயரையும் சொன்னார். தாஹிர் இலங்கையர், கோலாலம்பூரில் வாழ்ந்தவர். அந்தத் தொழிற்சாலையின் தாய் நிறுவனத்தில் அப்போதைய பிரதமரின் மகனுக்குப் பங்கு இருந்ததால் செய்தி இங்கே இன்னும் சூடானது. பாகங்கள் எண்ணெய், எரிவாயுத் தொழிலுக்கு என்று நினைத்தே செய்தோம் என்றது நிறுவனம். விசாரித்த மலேசியப் போலீசும் நிறுவனத்தின் மீது தவறில்லை என்றது. தாஹிர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2004 மே மாதம் தடுத்துவைக்கப்பட்டு 2008-இல் விடுவிக்கப்பட்டார்.

ஒரு எச்சரிக்கை. ஷா ஆலத்தில் செய்த பாகங்கள் வட கொரியாவுக்குப் போனதாக மாணவர்கள் எழுதிவிடக் கூடாது. அவை லிபியாவுக்குப் போனவை. ஆனால், அதே கான் வலைப்பின்னல் வட கொரியாவுக்கும் மையவிலக்குக் கருவிகளைக் கொடுத்தது. ஏறக்குறைய இரண்டு டஜன் என்று பாகிஸ்தானின் முன்னாள் அதிபர் முஷாரஃப் 2006-இல் வெளிவந்த தன் நினைவு நூலிலேயே எழுதினார். யுரேனிய வழியை வட கொரியா இரகசியமாகத் தொடங்கிவிட்டது என்று 2002 அக்டோபரில் அமெரிக்கா குற்றம் சாட்டியதுதான் ஜெனிவா உடன்பாடு உடையக் காரணம். கோலாலம்பூர் அறிக்கையால் கிடைத்த அந்த இரண்டு உலைகளும் கடைசிவரை கட்டி முடிக்கப்படவில்லை. 2003 ஜனவரியில் வட கொரியா பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகியது. ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டு, வெளியேறிக் குண்டு செய்த ஒரே நாடு அதுதான்.

லிபியாவின் பெயர் இன்னொரு முறை வரும். 2003 டிசம்பரில் கடாஃபி தன் அணுத் திட்டத்தைக் கைவிட்டு எல்லாவற்றையும் ஒப்படைத்தார். 2011-இல் மேற்கு நாடுகளின் விமானத் தாக்குதலின் ஆதரவோடு எழுந்த கிளர்ச்சியில் ஆட்சி இழந்து கொல்லப்பட்டார். வட கொரியா அன்றிலிருந்து இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. “குண்டைக் கொடுத்தவனுக்கு என்ன கதி ஆச்சு பார்த்தீங்களா” என்பதுதான் அதன் வாதம். அந்த ஆட்சியின் கொடுமையை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் விவாதக் கட்டுரை எழுதுகிற மாணவன் எதிர்த்தரப்பின் வாதத்தையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ‘பைத்தியக்காரத் தலைவர்’ என்று எழுதிவிட்டு நகர்வது வாதம் ஆகாது.

சோதனைகளுக்கு வருவோம். எல்லாம் புங்கியே-ரி என்ற மலைப்பகுதியில் நிலத்தடியில் நடந்தவை. 2006 அக்டோபர் 9, 2009 மே 25, 2013 பிப்ரவரி 12, 2016 ஜனவரி 6, 2016 செப்டம்பர் 9, 2017 செப்டம்பர் 3. மொத்தம் ஆறு. முதலாவது மிகச் சிறியது. ஆறாவது ரிக்டர் அளவில் 6.3 நிலநடுக்கமாகப் பதிவானது. இந்த நூற்றாண்டில் அணுகுண்டைச் சோதித்த நாடு வட கொரியா ஒன்றுதான். ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. முதல் சோதனைக்கு 1718-ஆம் தீர்மானம். இரண்டாவதற்கு 1874, அதுதான் வட கொரியாவின் ஆயுத ஏற்றுமதி முழுவதையும் தடைசெய்தது. தடைகளைக் கண்காணிக்க ஒரு நிபுணர் குழுவையும் அமைத்தது. 2016-இன் இரண்டு சோதனைகளுக்கு 2270, 2321. இவ்விரண்டும் ஒருமனதாக நிறைவேறியபோது பாதுகாப்பு மன்றத்தில் நிரந்தரமற்ற உறுப்பினராக மலேசியாவும் இருந்தது. 2015, 2016 ஆகிய இரண்டு ஆண்டுகள் நமக்கு அங்கே இடம் இருந்தது. ஆகவே தடை விதிக்கக் கை தூக்கியவர்களில் நாமும் உண்டு.

கை தூக்கிய அதே சமயத்தில் பிரிக்பீல்ட்ஸில் என்ன நடந்துகொண்டிருந்தது?

2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்த லிட்டில் இந்தியா. பூக்கடை, புடவைக்கடை, வாழை இலைச் சாப்பாடு. அங்கே ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கதவு. ‘குளோகோம்’ என்ற நிறுவனம் தன் முகவரி என்று கொடுத்திருந்தது அந்த இடத்தைத்தான். விற்றது இராணுவத்துக்கான வானொலித் தொடர்புக் கருவிகள். இணையத்தளம் வைத்து, முப்பதுக்கும் மேற்பட்ட கருவிகளைப் படம் போட்டு விளம்பரம் செய்தது. 2016 ஜூலையில் சீனாவிலிருந்து ஆப்பிரிக்காவின் எரித்திரியாவுக்கு விமானத்தில் போன 45 பெட்டிகள் இடைமறிக்கப்பட்டபோது உள்ளே இருந்தவை இந்த நிறுவனத்தின் பெயர் பொறித்த கருவிகள். ஐ.நா. நிபுணர் குழு நூலைப் பிடித்துக்கொண்டே வந்து, இது வட கொரிய உளவுத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம் என்று எழுதியது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2017 பிப்ரவரி இறுதியில் கதை முழுவதையும் வெளியிட்டது. ‘குளோகோம்’ என்ற பெயரில் நிறுவனம் எதுவும் இங்கே பதிவாகவே இல்லை. அதன் பின்னால் வேறு இரண்டு நிறுவனங்கள் முறைப்படி பதிவாகியிருந்தன. அவற்றின் பதிவு நீக்கப்பட்டு வருவதாகப் போலீஸ் பின்னர் சொன்னது.

நாம் எத்தனை முறை அந்தத் தெருவில் நடந்திருப்போம்! தீபாவளிக்குத் துணி எடுக்க, மாணவர்களுக்குப் பரிசு நூல் வாங்க. நியூயார்க்கில் நாம் போட்ட தடையை நம் தலைநகரிலேயே ஒரு கதவு மீறிக்கொண்டிருந்தது. இதில் என் கருத்து இதுதான்: மலேசியாவின் நடுநிலை ஐ.நா.வில் நேர்மையாகவே இருந்தது. ஓட்டை இருந்தது நிறுவனப் பதிவு, விசா, ஏற்றுமதி அனுமதி போன்ற சாதாரண மேசைகளில். ஷா ஆலம் விவகாரத்துக்குப் பிறகு 2010-இல் வியூகப் பொருள் வணிகச் சட்டம் கொண்டுவரப்பட்டது. ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களை ஏற்றுமதி செய்ய அனுமதி கட்டாயம் என்கிறது அது. சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் குளோகோமின் பெட்டிகள் மலேசியத் துறைமுகத்தைத் தொடவே இல்லை. சீனாவிலிருந்து நேராகப் போயின. இங்கே இருந்தது முகவரியும் வங்கிக் கணக்கு மாதிரியான வசதிகளும்தான். ஒரு தடையைப் போடுவது வேறு, அதை நடைமுறைப்படுத்துவது வேறு என்று மாணவர் எழுதினால், அதற்குச் சான்றாக இந்த ஒன்றே போதும்.

ராய்ட்டர்ஸ் கட்டுரை வருவதற்கு இரண்டு வாரம் முன்புதான் அந்தக் கொலை நடந்தது. 2017 பிப்ரவரி 13, திங்கட்கிழமை காலை, சுமார் ஒன்பது மணி. கே.எல்.ஐ.ஏ. 2 புறப்பாட்டு மண்டபத்தில் மக்காவ் போகும் விமானத்துக்காக நின்றிருந்த ஒருவரின் முகத்தில் இரண்டு பெண்கள் எதையோ தடவிவிட்டு ஓடினர். மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவர் இறந்தார். கடப்பிதழில் இருந்த பெயர் கிம் சோல். உண்மையில் அவர் கிம் ஜோங் நாம், வட கொரியத் தலைவரின் ஒன்றுவிட்ட அண்ணன். (தந்தை ஒருவர், தாய் வேறு.) முகத்தில் தடவியது வி.எக்ஸ். நரம்பு நச்சு. ஐ.நா. அதைப் பேரழிவு ஆயுதமாக வகைப்படுத்தியிருக்கிறது. அணுகுண்டு அல்ல, ஆனால் பேரழிவு ஆயுதம் ஒன்று நம் விமான நிலையத்தில், தள்ளுவண்டி தள்ளிக்கொண்டு மக்கள் நடக்கிற இடத்தில் பயன்படுத்தப்பட்டது. சந்தேகிக்கப்பட்ட நான்கு வட கொரிய ஆடவர்கள் அன்றைக்கே நாட்டைவிட்டுப் பறந்துவிட்டார்கள்.

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. மலேசியா உடற்கூறு ஆய்வு செய்தது. வட கொரியத் தூதர் காங் சோல் அதை எதிர்த்து, மலேசியா பகை நாடுகளோடு சேர்ந்து சதி செய்வதாகப் பேசினார். தன் தூதரைப் பியோங்யாங்கிலிருந்து மலேசியா அழைத்துக்கொண்டது. மார்ச் 4-இல் காங் சோல் வெளியேற்றப்பட்டார். மார்ச் 6 முதல் விசா இல்லாப் பயணம் ரத்து. மார்ச் 7-இல் வட கொரியா தன் மண்ணில் இருந்த மலேசியர்கள் எவரும் நாட்டைவிட்டு வெளியேற முடியாது என்றது. 11 பேர் இருந்தார்கள். ஐ.நா. பணியில் இருந்த இருவர் இரண்டு நாளில் வெளியே வந்தனர். மீதி ஒன்பது பேர் தூதரக ஊழியர்களும் குடும்பத்தாரும். மலேசியாவும் பதிலுக்கு இங்கிருந்த வட கொரியர்கள் வெளியேறத் தடை போட்டது. அப்போதைய செய்திகளின்படி அவர்கள் சுமார் 1,000 பேர்.

மூன்று வாரப் பேச்சுக்குப் பிறகு மார்ச் 30-இல் பிரதமர் நஜிப் முடிவை அறிவித்தார். உடல் வட கொரியாவுக்கு அனுப்பப்படும். தூதரகத்துக்குள் பதுங்கியிருந்த, போலீஸ் தேடிய மூவரும் வாக்குமூலத்துக்குப் பிறகு போகலாம். ஒன்பது மலேசியர்களும் திரும்பி வருவார்கள். மறுநாள் அதிகாலை அவர்கள் கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கினார்கள். இது சரியா? நீதியைக் கைவிட்டு உயிரைக் காத்தார்களா, அல்லது நீதிக்கு வாய்ப்பே இல்லாத இடத்தில் கிடைத்ததைக் காத்தார்களா? ஐந்தாம் படிவத்தில் விவாதத்துக்கு இதைக் கொடுத்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். தூதரக ஊழியர் ஒருவரின் பிள்ளையாகத் தன்னை நினைத்துக்கொண்டு ஒரு மாணவியும், வழக்கை நடத்தும் அரசுத்தரப்பு வழக்கறிஞராக ஒரு மாணவனும் பேசட்டும். நான் முதல் பக்கம்தான். ஒன்பது பேரை மீட்க முடியாத அரசு, மூன்று பேரைச் சிறையில் வைத்து என்ன சாதித்திருக்கும்? ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. வழக்கில் எஞ்சியது இந்தோனேசியப் பெண்ணும் வியட்நாமியப் பெண்ணும் மட்டுமே. தொலைக்காட்சிக் குறும்பு நிகழ்ச்சி என்று சொல்லித் தங்களை ஏமாற்றினார்கள் என்பது அவர்களின் வாதம். 2019 மார்ச்சில் ஒருவர் மீதான கொலைக் குற்றச்சாட்டு மீட்டுக்கொள்ளப்பட்டது. மே மாதம் மற்றவரும் விடுதலையானார். திட்டமிட்டவர்கள் யாரும் மலேசிய நீதிமன்றத்தில் நிற்கவே இல்லை.

பந்து விளையாட்டு ரசிகர்களுக்கு ஒரு துணுக்கு. அந்த மார்ச் மாதம் பியோங்யாங்கில் நடக்க வேண்டிய ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டம் தள்ளிப்போய், நவம்பரில் தாய்லாந்தின் புரிராமில் நடந்தது. இரண்டு ஆட்டத்திலும் மலேசியா 1–4 என்று தோற்றது.

2017 முழுவதுமே உலகம் மூச்சைப் பிடித்திருந்த ஆண்டு. ஜூலையில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள், செப்டம்பரில் ஆறாவது சோதனை, அமெரிக்க அதிபர் டிரம்ப் ஐ.நா. பொதுப்பேரவையில் நின்று வட கொரியாவை முற்றாக அழிப்போம் என்று மிரட்டியது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 2397-ஆம் தீர்மானம் வெளிநாடுகளில் உள்ள வட கொரியத் தொழிலாளர்களை இரண்டு ஆண்டுக்குள் திருப்பி அனுப்பச் சொன்னது. பிறகு திடீரென்று கைகுலுக்கல். 2018 ஜூன் 12-இல் டிரம்பும் கிம்மும் சந்தித்தது சிங்கப்பூரில், 2019 பிப்ரவரியில் ஹனோயில். இரண்டும் ஆசியான் தலைநகரங்கள். 1995-இலும் 2000-இலும் அந்த மேசை கோலாலம்பூரில் போடப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். பியோங்யாங்கில் இருந்த நம் தூதரகம் 2017-லிருந்தே செயல்படவில்லை. கொலை நடந்த ஊரில் யார் விருந்து வைப்பார்கள்?

உறவு முறிந்ததும் ஒரு தடை வழக்கால்தான். மலேசியாவில் பல ஆண்டுகள் வாழ்ந்த வட கொரியர் ஒருவர், தடையை மீறிப் பணத்தைக் கைமாற்றி வட கொரியாவுக்கு ஆடம்பரப் பொருள்கள் அனுப்ப உதவினார் என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. 2019-இல் கைதானார். கூட்டரசு நீதிமன்றம் 2021 மார்ச்சில் அவருடைய கடைசி முறையீட்டையும் தள்ளியது. அவர் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். மார்ச் 19-இல் வட கொரியா அரசதந்திர உறவை முறித்தது. 48 மணி நேரத்தில் வெளியேறும்படி மலேசியா சொல்ல, மார்ச் 21-இல் கோலாலம்பூர்த் தூதரகத்தின் கொடி இறங்கியது. கொலைக்குக்கூட முறியாத உறவு, ஒரு நாடுகடத்தலுக்கு முறிந்தது. பியோங்யாங்குக்கு எது வலிக்கிறது என்பதை இது காட்டுகிறது: பணம் வரும் வழி.

மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓரிடம் இருக்கிறது. ‘என்னைக் கவர்ந்த தலைவர்’ என்றால் அப்துல் கலாம். பொக்ரான் சோதனை அதில் பெருமையாக வரும். ‘அணுவாயுதம்’ என்றால் வட கொரியா. அங்கே சோதனை கொடுமையாக வரும். கெட்டிக்கார மாணவி ஒருத்தி “இரண்டும் குண்டுதானே?” என்று கேட்டால் என்ன சொல்வது? சட்டப்படி ஒரு வேறுபாடு உண்டு. இந்தியா பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதே இல்லை. வட கொரியா கையெழுத்திட்டு, அதன்வழி கிடைத்த உதவிகளைப் பெற்றுவிட்டு வெளியேறியது. தொழில்நுட்பத்தை விற்பதிலும் வேறுபாடு உண்டு. ஆனால் மலேசியாவின் நிலைப்பாடு இந்த வேறுபாட்டில் நிற்கவில்லை. 1996 ஜூலையில் அனைத்துலக நீதிமன்றம் அணுவாயுதம் பற்றிக் கருத்துரை வழங்கியதும், எல்லா அணுவாயுதங்களையும் ஒழிக்கப் பேச்சுத் தொடங்க வேண்டும் என்ற தீர்மானத்தை ஐ.நா. பொதுப்பேரவையில் ஆண்டுதோறும் முன்வைக்கத் தொடங்கியது மலேசியா. 1995 டிசம்பரில் தென்கிழக்காசியாவை அணுவாயுதமற்ற வட்டாரமாக்கும் பேங்காக் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தை 2020 செப்டம்பரில் உறுதிப்படுத்தியது. அந்தத் தடை ஒப்பந்தத்துக்குப் பேச்சுத் தொடங்கலாம் என்று 2016 அக்டோபரில் ஐ.நா. குழுவில் ஆதரித்து வாக்களித்தவர்களில் வட கொரியாவும் ஒன்று. பேச்சுத் தொடங்கியபோது அது வரவில்லை. குண்டு வைத்திருக்கும் மற்ற எட்டு நாடுகளும் வரவில்லை. கலாம் மீதுள்ள மரியாதையைக் குறைக்காமலே இதை மாணவர்களிடம் பேசலாம். பேசாமல் தவிர்ப்பதைத்தான் அவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கடைசியாக, பிரிக்பீல்ட்ஸ் கதவைக் கண்டுபிடித்த அந்த நிபுணர் குழு. 2009 முதல் ஆண்டுதோறும் நீண்ட அறிக்கைகள் எழுதிவந்தது. எந்தக் கப்பல், எந்த நிறுவனம், எந்த வங்கி என்று பெயரும் படமுமாக. அதன் தவணையை நீட்டிக்கும் தீர்மானத்தை 2024 மார்ச் 28-இல் ரஷ்யா தன் வெட்டு அதிகாரத்தால் தடுத்தது, சீனா வாக்களிக்கவில்லை. ஏப்ரல் 30-உடன் குழு கலைந்தது. தடைத் தீர்மானங்கள் இன்னும் அமலில் இருக்கின்றன. அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா முதலிய 11 நாடுகள் சேர்ந்து அதே ஆண்டு அக்டோபரில் வேறொரு கண்காணிப்புக் குழுவை அமைத்தன. ஆனால் அது ஐ.நா. குழு அல்ல, அதில் மலேசியாவும் இல்லை.